இலைவெட்டித் தேனீ கூட்டில் ஊசித்துளை: யாராவது வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை, மொட்டை மாடித் தோட்டம். துவரை, அவரைப் பூவுக்காக இலைவெட்டித் தேனீக்கு மூங்கில் குழாய்க் கட்டு தொங்குது. உள்விட்டம் 6–8 மி.மீ., நீளம் 15 செ.மீ., பின்பக்கம் கணு, வாய் கிழக்கு பார்த்து. எறும்பு ஏறாம கம்பியில கிரீஸ் தடவியாச்சு.

தேனீங்க ரோஜா இலையை நறுக்கிட்டு வந்து அறை அறையா கட்டுது. ஒவ்வொண்ணுலயும் மகரந்த உருண்டை, அதுமேல ஒரே முட்டை, வட்ட இலைத்துண்டால மூடி. இப்போ சில மூடியில குண்டூசி முனை அளவு துளை. தேனீ வெளிய வந்திருந்தா துளை பெருசா, பிய்ஞ்சு இருக்கும். இது தேனீப் புழுவைத் தின்னு வளர்ற ஒட்டுண்ணிக் குளவியாத்தான் இருக்கணும்.

நிரம்பின குழாயைக் கழட்டி வலைப்பையில வைக்கிறவங்க, எந்தக் கண் அளவு வலை போடுறீங்க? தினமும் திறந்து பார்த்துத் தேனீயை விடுறீங்களா?

மருந்து மட்டும் வேணாம்ங்க. ரோஜா இலையில பட்டா நேரா கூட்டுக்குள்ள போயிடும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் சரிவராது, உள்ள ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அக்டோபர்–டிசம்பர் மழைக்கு, கடற்காத்து ஈரத்துல, குழாய்க்குள்ள சொருகுற காகித உள்ளுறை தாங்குமா? வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் கணுவோட 7 மி.மீ. மூங்கில் எங்க கிடைக்கும்?