கிருமியைக் கொல்ற ஆன்டிபயாடிக் எழுதும்போது சாதா அமாக்ஸிசிலினா, இல்ல அதோட கிளாவுலானிக் ஆசிட் சேர்த்த 625-ஆ? உங்களுக்கு எதுக்கு எதை எழுதினாங்க?

காரிமங்கலம் அக்கா:
பையனுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், எச்சில் முழுங்க முடியல. தருமபுரி ஜி.ஹெச்.ல டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்தார். டான்சில் ரெண்டும் செவந்து, மேல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. தாடைக்குக் கீழ நெறி கட்டியிருந்துச்சு. இருமல், மூக்கொழுகல் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னதும் வெறும் அமாக்ஸிசிலின் எழுதி, 10 நாள் விடாம குடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்தா மாமியார், "உன் கொழுந்தனுக்கு பிரைவேட்ல 625 எழுதினாங்க, சும்மா குடுக்கிற மாத்திரை எங்க கேக்கப்போகுது"ன்னு ஒரே புலம்பல். ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுது. உடனே, "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை"ன்னு அடுத்த புலம்பல்! இந்தக் கிருமியை அரைகுறையா விட்டா ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரைக்கும் போகும்னு டாக்டர் சொல்லியிருந்தார். 10 நாளும் குடுத்து முடிச்சேன்.

மெடிக்கல் தம்பி, கிருஷ்ணகிரி:
அக்கா, எங்க கவுண்டர்ல இதேதான் நடக்குது. மாங்கூழ் ஃபாக்டரிக்கு சீசன் வேலைக்கு வர்றவங்க சளி பிடிச்சா நேரா வந்து "625 ரெண்டு குடு"ம்பாங்க. டாக்டர் சீட்டு கேட்டா மொறைச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. சளி பெரும்பாலும் வைரஸ்னால வருது, அதுக்கு ரெண்டுமே கேக்காது.

சாதா அமாக்ஸிசிலின் 500ஐ விட 625 பவர் ஜாஸ்தின்னு ஒரு நினைப்பு. அட்டையைத் திருப்பிப் பாருங்க: அமாக்ஸிசிலின் 500, கிளாவுலானிக் ஆசிட் 125. 500 மாத்திரையில இருக்கிற அதே அமாக்ஸிசிலின்தான் இதுலயும். அந்த 125 தனியா நின்னு கிருமியைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. சில கிருமிங்க பீட்டா லாக்டமேஸ்னு ஒரு என்சைமை விட்டு அமாக்ஸிசிலினை உடைச்சுப்போடும். கிளாவுலானிக் ஆசிட் அந்த என்சைமைப் போய்ப் பிடிச்சுக்கும், அமாக்ஸிசிலின் தப்பிச்சு வேலையைப் பார்க்கும். 1972ல அமாக்ஸிசிலின் வந்துச்சு, இந்தக் கூட்டு மாத்திரை 1981ல. உங்க பையனுக்கு வந்த மாதிரி தொண்டையில உட்கார்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்னைக்கு வரைக்கும் அந்த என்சைமை விடறதில்ல. அப்போ அங்க 125க்கு என்ன வேலை? மாமியார்கிட்ட இதைச் சொல்லுங்க.

625ஐ அட்டையிலிருந்து உரிச்சு டப்பாவுல போட்டு வைக்காதீங்க, ஈரக்காத்து பட்டாலே கெட்டுடும். ஒரு பெரியவர் வெத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார், வெள்ளை மாத்திரை பழுப்பேறிக் கிடந்துச்சு.

தேன்கனிக்கோட்டை விவசாயி:
எனக்கு 625தான் எழுதினாங்க. தெருநாய் உள்ளங்கையில பல்லு இறங்கக் கடிச்சிடுச்சு. சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணியில நல்லா கழுவிட்டு ஓடினேன். வெறிநாய் தடுப்பூசி தனியா போட்டாங்க. சாதா கேப்சூல் போதாதா டாக்டர்னு கேட்டேன். "நாய் வாயில ஒரு கிருமியா இருக்கு? பாஸ்டுரெல்லாவுக்கு சாதாவே கேக்கும். கூட வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் அதை உடைச்சுடும்"னார். சீழ் வைக்கல. ஆனா வயிறு போட்டுப் படுத்திடுச்சு. மெடிக்கல்ல கேட்டப்ப, சாப்பிட உட்கார்ந்ததுமே போடச் சொன்னாங்க. களி ஒரு வாய், மாத்திரை, அப்புறம் மீதிக் களியும் கீரையும். அதுக்கப்புறம் தேவலாம்.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி:
அண்ணா, வயித்துப்போக்குக்கு முக்காவாசி அந்த 125தான் காரணம். தேவையில்லாம 625 வேண்டாம்னு சொல்றதுக்கு இது ஒண்ணு போதும். அதைவிட அபூர்வமா, ஆனா கெட்டதா, மஞ்சள் காமாலை வரலாம். வயசான ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம், கோர்ஸ் முடிஞ்சு சில வாரம் கழிச்சுக்கூட வரும். கண்ணு மஞ்சளானா நம்ம ஊர்ல நேரா கீழாநெல்லிக்குப் போவாங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட "இந்த மாத்திரை போட்டேன்"னு சொல்லுங்க.

"எனக்கு பென்சிலின் ஊசி ஆகாது, 625 போடலாமா?"ன்னு வார்டுல கேப்பாங்க. ரெண்டும் பென்சிலின் குடும்பம்தான். ஒண்ணுக்கு உடம்பு தடிச்சு மூச்சுத் திணறியிருந்தா இன்னொண்ணும் ஆபத்து. ஓ.பி. சீட்டுலயே எழுதச் சொல்லிடுங்க.

அரூர்க்காரன்:
சித்தேரி மலையில எங்க அக்கா குழந்தைக்குக் காதுவலின்னு 625 வகையறா சிரப் குடுத்திருக்காங்க. தண்ணி ஊத்திக் கலக்கினதும் ஃபிரிட்ஜ்ல வைக்கணுமாம். அங்க ஃபிரிட்ஜுக்கு எங்க போறது?

மெடிக்கல் தம்பி, கிருஷ்ணகிரி:
கலக்கினதை ஃபிரிட்ஜ்லயே வெச்சு 7 நாள்ல முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். வெளியில வெச்சா கிளாவுலானிக் ஆசிட் சீக்கிரம் வீணாகிடும். ஃபிரிட்ஜ் இல்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணா. ஸ்பூன் தண்ணியில கரையற மாத்திரை இருக்கு, மாத்தி எழுதுவார். சாதா அமாக்ஸிசிலினே போதும்னாலும் சொல்லுவார், நிறைய காதுவலிக்கு முதல்ல அதைத்தான் குடுக்கிறது.

அரூர்க்காரன்:
சரி தம்பி. இன்னொண்ணு, வீட்டுல 375 கிடக்கு. ரெண்டு போட்டா 625க்குச் சமமா?

மெடிக்கல் தம்பி, கிருஷ்ணகிரி:
இல்லண்ணா. 375ல அமாக்ஸிசிலின் 250, கிளாவுலானிக் 125. ரெண்டு போட்டா 500ம் 250ம். அமாக்ஸிசிலின் கணக்கு சரியா வரும், வயித்தைக் கலக்குற கிளாவுலானிக் டபுளாயிடும்.