1926-க்கு முன்னால் தொழிற்சங்கம் வைத்தால் குற்றமா?

பெரம்பூர்க்காரன்:
மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் தொடங்கியது, வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இதெல்லாம் சரி. ஆனால் தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926-ல்தானே? நடுவில் எட்டு வருடம் சங்கம் எந்தத் தைரியத்தில் நடந்தது?

நூல்கண்டு:
குற்றம் இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னால், ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாய் என்று முதலாளி சிவில் வழக்குப் போடலாம். இந்தச் சங்கத்து ஆட்கள் வேலை பார்த்த பெரம்பூர் மில்களை நடத்திய பின்னி நிர்வாகம் அதைத்தான் செய்தது. 1920 கதவடைப்பின்போது ஹைகோர்ட்டில் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் தடையுத்தரவு வாங்கி, நஷ்டஈடும் கேட்டது. வாடியா சங்கத்தை விட்டே விலகுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். இத்தனைக்கும் இங்கிலாந்தில் 1906-லேயே இந்த மாதிரி வழக்குகளிலிருந்து சங்கங்களுக்கு விலக்கு உண்டு, இங்கேதான் இல்லை! இந்த வழக்குக்கு அப்புறம்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926 சட்டத்தின் 18-வது பிரிவைப் பாருங்கள், வாடியா மாட்டிக்கொண்ட ஓட்டையை அடைக்கத்தான் அது.

கடைத்தெரு:
தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கடைத் திண்ணையிலிருந்து என்பேன். பெரம்பூரில் செல்வபதி செட்டியார் கடைக்கு வரும் மில் ஆட்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். அவரும் ராமானுஜலு நாயுடுவும் பக்தி சபை நடத்தியவர்கள், அரசியல்வாதிகள் இல்லை. முதலில் கேட்டது கூட பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணிதான், அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்ப மெஷினுக்கு வந்துவிட வேண்டும். அது 40 நிமிடமானதுதான் சங்கத்தின் முதல் வெற்றி.

நூல்கண்டு:
அதற்கும் பத்து வருடம் முன்னால், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய வேலைநிறுத்தம் ஜெயித்ததே! ஆனால் நிலையான சங்கமாக அது வளரவில்லை, தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

புளியந்தோப்பு:
பின்னி மில்லில் 1921-ல் நடந்த வேலைநிறுத்தத்தை யாரும் சொல்லவில்லையே. அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், கலவரமாகி எங்கள் பக்கம் குடிசைகள் எரிந்தன. ‘கருங்காலி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சங்கத்தில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பெரம்பூர்க்காரன்:
இதைத் தனி இழையாகவே போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.