புதுப்பிப்பு: பழைய கணினி ரூட்டரில் சில தளங்கள் மட்டும் திறக்காத சிக்கல்

பழைய டெஸ்க்டாப்பில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இயங்குதளம்) போட்டு அதை ரூட்டராக்கி, ஃபைபர் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (மோடம் இணைப்பை மட்டும் கடத்தும், ரூட்டர் வேலையைச் செய்யாது) மாற்றியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். கூகுள் திறக்கிறது, சில வங்கித் தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்பதுதான் பாக்கியிருந்த சிக்கல். காரணம் தெரிந்துவிட்டது.

இப்போது ரூட்டர் இணைய நிறுவனத்தோடு இணையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ (PPPoE) முறை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுப் பொட்டலம்) 8 பைட் எடுத்துக்கொள்ளும். அதனால் எம்டியு (MTU), அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, வழக்கமான 1500 பைட் அல்ல, 1492. 'பாக்கெட் பெரிது' என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் ஐசிஎம்பி (ICMP) செய்தியை வழியில் யாராவது தடுத்தால், பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

துண்டாக்காதே என்ற குறியோடு 1464 பைட் பிங் (இணைப்பைச் சோதிக்கும் பாக்கெட்) அனுப்புங்கள். பாக்கெட்டின் தலைப்புத் தகவலான 28 பைட் ஹெடர் சேர்ந்து சரியாக 1492. அது போய், 1465 போகாவிட்டால் எம்டியு சரி. மீதி வேலை ஃபயர்வாலில்: இணையப் பக்கமான வான் (WAN) மண்டலத்தில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை இயக்குங்கள். எம்எஸ்எஸ் (MSS) என்பது ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவு; கிளாம்பிங் அதை எம்டியு-வுக்குள் அடங்கும்படி குறைக்கும். ஐபிவி4-க்கு எம்எஸ்எஸ் 1452 ஆகிவிடும், தளங்களும் உடனே திறக்கும்.

இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழ, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஏசி பவர் ரெகவரியை 'ஆன்' செய்யுங்கள். பழைய மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிஆர்2032 நாணய பேட்டரியையும் கட்டாயம் மாற்றுங்கள். அது செத்திருந்தால் இந்த அமைப்பே அழிந்துவிடும்.