நடப்பு நிகழ்வுகளுக்குப் பயிற்சிக் கேள்விகள் யாரிடமாவது இருக்கிறதா?

தில்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். பழைய ராஜேந்திர நகரில் தங்கி யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். நடப்பு நிகழ்வுகளுக்கு நல்ல பயிற்சிக் கேள்விகள் வேண்டும்.

கடைகளில் நான் பார்த்த தொகுப்புகளில் தேதியும் விருதும்தான் அதிகம். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட தமிழக இடங்கள் எவை என்று கேட்டு, கரைவெட்டி, லாங்வுட் சோலை என்று விடை போட்டு முடித்துவிடுகிறார்கள். தேர்வில் அவ்வளவு நேராகக் கேட்பதில்லை. ராம்சார் உடன்படிக்கை, மான்ட்ரூ பதிவேடு (சீர்கெட்டு வரும் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியல்), அதிலுள்ள கேவலாதேவ், லோக்டாக் என்று மூன்று கூற்றுகள் கொடுத்து, இவற்றில் எத்தனை சரி என்பார்கள். 2023 தாளில் இந்த வகை நிறைய வந்தது. ஒன்று தெரியாவிட்டாலும் மாட்டிக்கொள்வோம். தப்பானால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வேறு போய்விடும்.

மெயின்ஸைத் தமிழில்தான் எழுதப்போகிறேன். முதல்நிலை வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வரும். அதனால் கேள்வி ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருந்தால் பெரிய உதவி.

ஏற்கெனவே எழுதிய அண்ணன், அக்காமார் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கரோல் பாக் பக்கம் என்றால் நானே வந்து வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளை வைத்துச் சேர்ந்து கேள்வி தயாரிக்க யாராவது வந்தாலும் சந்தோஷம்.