கில்ஹர்ன் கோட்டை எங்கள் முன்னோருடையதா?

கேள்வி:
என் கணவரின் குடும்பப் பெயர் கேம்பெல். அவருடைய கொள்ளுத்தாத்தா 1868இல் ஸ்காட்லாந்தின் டால்மாலியில் பிறந்தவர். அருகிலேயே, லாக் ஆ ஏரியின் முனையில், கேம்பெல்கள் கட்டிய கில்ஹர்ன் கோட்டை இடிந்து நிற்கிறது. சென்ற ஆண்டு காலமான என் மாமனார், "நம் கோட்டையைப் பேத்திக்குக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூனில் போகிறோம். அது உண்மையிலேயே எங்கள் முன்னோருடையதா? மகளிடம் தவறாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1:
பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, சகோதரி. கோட்டையை 1450 வாக்கில் கட்டியவர் கிளெனார்கியின் சர் காலின் கேம்பெல். ஆனால் குலத் தலைவரின் நிலத்தை உழுதவர்களும் அவருக்காக வாளெடுத்தவர்களும் அவர் பெயரையே சூடிக்கொண்டதுண்டு. அதற்கு இரத்த உறவு தேவைப்படவில்லை.

ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவை முதலில் எடுங்கள். 1855இல் தொடங்கிய அரசுப் பதிவுகளில் இறந்தவரின் பெற்றோர் பெயர்கள் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. பிறகு 1868 பிறப்புப் பதிவைப் பாருங்கள். பெற்றோர் மணந்த நாளும் ஊரும் அதிலேயே கிடைக்கும். அந்த வட்டாரத்தின் திருச்சபைப் பங்கின் (பாரிஷ்) பெயர் கிளெனார்கி அண்ட் இனிஷெய்ல், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே கேம்பெல்கள் ஏராளம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதைச் சரிபார்க்காமல் வேறொரு குடும்பத்து டங்கன் கேம்பெலுக்காக நான் இரண்டு மாதங்களை இழந்தேன்.

பதில் 2:
ரயில் பாலத்துக்கு அடியில் நடந்து போக வேண்டும். பெருமழைக்குப் பின் பாதை நீரில் மூழ்கும், பூட்ஸ் அவசியம். உள்ளே கோடையில் மட்டுமே விடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 1760இல் கோட்டையை இடி தாக்கியது. முற்றத்தில் சிறு கோபுரத்தின் உச்சி ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது. குழந்தைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

கேட்டவர்:
பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது! தந்தையின் தொழில் ஆடு மேய்த்தல். பிறப்பைத் தெரிவித்தவர் தாய். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மகள் அதைத் தன் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டாள். கோட்டையை மறந்துவிட்டு, எந்த மலையில் மேய்த்தார்கள் என்று கேட்கிறாள். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் 1:
1871 மக்கள்தொகைக் கணக்கில் தேடுங்கள். வீடு எந்தப் பண்ணையில் இருந்தது என்பதையும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் அந்த வரைபடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.