சாக்ரடீஸ் தப்பித்துப் போயிருக்க வேண்டாமா?

முகிலன்:
பிளேட்டோவின் 'கிரிட்டோ' உரையாடலை மறுபடி படித்தேன். கோபம்தான் வருகிறது. கி.மு. 399. இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்று ஏதென்ஸில் மரண தண்டனை தீர்ப்பாகிவிட்டது. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக் கூடாது என்பதால் சாக்ரடீஸ் சிறையில் இருக்கிறார். விடியும் முன்பே வந்த நண்பர் கிரிட்டோ, நிம்மதியாகத் தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காவலாளி பழக்கமானவன். பணம் தயார். வடக்கே தெசாலியில் தங்க இடமும் உண்டு. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. 70 வயது மனிதர் மாட்டேன் என்கிறார். மூன்று பையன்கள், அதில் இருவர் சின்னப் பிள்ளைகள். அநியாயத் தீர்ப்புக்குக் கழுத்தை நீட்டுவது அறமா? வெறும் பிடிவாதம்.

மலர்விழி:
கிரிட்டோவும் இதையேதான் கேட்கிறார், பிள்ளைகளை அநாதையாக விட்டுப் போகிறாயே என்று. சாக்ரடீஸ் திருப்பிக் கேட்பது இது: நமக்கு ஒருவன் தீங்கு செய்தான் என்பதற்காக நாமும் தீங்கு செய்யலாமா? கூடாது என்று இருவரும் காலமெல்லாம் பேசி ஒப்புக்கொண்டது. சாவு வாசலில் வந்து நின்றதும் அது மாறிவிடுமா? ஏதென்ஸ் பிடிக்காத குடிமகன் உடைமைகளோடு வெளியேறலாம், சட்டம் தடுக்கவில்லை. போகாமல் தங்கினால் அந்தச் சட்டத்தோடு ஒப்பந்தம் செய்ததாகத்தான் அர்த்தம். இவரோ போருக்குப் போனது தவிர ஊரைவிட்டு நகராதவர். விசாரணையின்போதே நாடு கடத்துங்கள் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு வேண்டாம் என்றவர் இன்றைக்கு வேஷம் மாற்றிக்கொண்டு இருட்டில் ஓடுவதா?

முகிலன்:
அதே மனிதர்தான் நீதிமன்றத்தில், தத்துவம் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவித்தால் உங்களுக்கு அல்ல, கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்றார். முப்பது பேர் கூடி ஏதென்ஸை ஆண்ட முப்பதின்மர் கொடுங்கோலாட்சியில், சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொலைக்குப் பிடித்து வரச் சொல்லி ஐந்து பேரை அனுப்பினார்கள். நால்வர் சலாமிஸுக்குப் போனார்கள், இவர் வீட்டுக்குப் போனார். ஆணையை மீறத் தெரிந்தவர்தானே?

மலர்விழி:
நீங்கள் சொன்ன லியோன் கதை என் பக்கம்தான் பேசுகிறது, முகிலன். லியோனைப் பிடித்துக் கொடுத்தால் அது அவர் செய்யும் அநியாயம். மரண தண்டனையாக நஞ்சு குடிப்பது அவருக்கு நடக்கும் அநியாயம். முதலாவதற்கு மசியவே மாட்டார், இரண்டாவதைத் தாங்கிக்கொள்வார். கி.மு. 406-இல் அர்கினூசே கடற்போரில் வென்ற ஏதென்ஸ் தளபதிகளையே பாருங்கள். புயலில் தத்தளித்த மாலுமிகளை மீட்கவில்லை என்று, தனித்தனி விசாரணை இல்லாமல் எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கக் கூட்டம் கொதித்தது. அன்று சபையை நடத்தியவர்களில் ஒருவர் சாக்ரடீஸ். இது சட்டவிரோதம் என்று நின்றார், அவரையும் உள்ளே தள்ளுவோம் என்று மிரட்டினார்கள். கடைசியில் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். தோற்றார், ஆனால் ஒதுங்கிப் போகவில்லை. சிறையில் இருந்ததும் இதே ஆள்தான்.

பொன்னி:
சட்டத்தோடு ஒப்பந்தம் என்கிறீர்களே, யாருடைய ஒப்பந்தம்? ஏதென்ஸின் லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் தவழ்ந்து போய்க் கல் உடைத்த அடிமையிடம் 'பிடிக்காவிட்டால் போயிருக்கலாமே' என்று சொல்ல முடியுமா? அவன் தப்பி ஓடினாலும் அநியாயம் என்பீர்களா, மலர்விழி? இது சொத்தும் வாக்குரிமையும் உள்ள ஆண் குடிமகனுக்கான வாதம். எல்லாருக்குமான அறமாக இதைத் தூக்கிப் பிடித்தால் அடங்கிக் கிடப்பவர்களை இன்னும் அடக்கத்தான் பயன்படும்.

மலர்விழி:
அடிமை ஓடினால் அதில் அநியாயம் துளியும் இல்லை. ஒப்புக்கொள்ளாதவனுக்கு ஒப்பந்தம் ஏது? அதனால் வாதம் உடையாது, அதன் எல்லை தெரிகிறது. சாக்ரடீஸ் அந்த எல்லைக்கு உள்ளே இருந்தவர்.

முகிலன்:
அப்படியானால் அரிஸ்டாட்டில்? கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும் மாசிடோனியாவோடு தொடர்புள்ளவர்கள்மேல் வெறுப்பு திரும்பியது. தெய்வ நிந்தனை வழக்கு வந்ததும் ஏதென்ஸை விட்டுக் கல்கிஸ் நகருக்குப் போய்விட்டார். அவரைக் கோழை என்று யார் சொல்கிறார்கள்?

பொன்னி:
அவர் ஸ்டாகிராக்காரர், ஏதென்ஸில் வெளியூர் ஆள். தீர்ப்புக்கு முன்பே போனார். சாக்ரடீஸோடு சேர்த்துப் பேச முடியாது. இந்த ஒரு இடத்தில் நான் மலர்விழி பக்கம்.

முகிலன்:
சரி, அரிஸ்டாட்டிலை விடுகிறேன். ஓடினால் நீதிபதிகள் சொன்னதை அவரே மெய்யாக்கியதாகும் என்ற வாதமும் பலமானது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் 'நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பதில் எனக்குப் போதவே இல்லை. மலர்விழி, அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?