மறுமடல்: ‘க்ளெய்ம்ஸ் மேக்கிங்’ – உரிமைகோரலா, முறையீடா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சமூகவியல் பாடத்துக்கான கலைச்சொற்களைப் பற்றி நாம் நடத்திவரும் உரையாடல், சில நாட்களாக ‘க்ளெய்ம்ஸ் மேக்கிங்’ (ஒரு நிலைமை சரியில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று மக்கள் பிறரிடம் எடுத்துச்சொல்வது) என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கிறது. அதற்குத் தமிழில் ‘உரிமைகோரல்’ என்பதற்கே நண்பர்கள் பலரின் ஆதரவு இருப்பதைக் கண்டேன். அதை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களையும், அதன் இடத்தில் ‘முறையீடு’ என்ற சொல்லை வைக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கான காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வேலூரில் தமிழ்வழியில் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்குச் சமூகவியல் கற்பிப்பவன் நான். இந்தச் சொல் பிசகினால் ஒரு பாடமே பிசகிவிடுவதை வகுப்பறையில் கண்கூடாகப் பார்த்தவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சமூகத்தில் தீங்கான நிலைமை ஒன்று இருக்கிறது, அதை அளந்து காரணம் கண்டறிந்து தீர்வு சொல்வதே சமூகவியலாளரின் வேலை என்ற எண்ணம்தான் நெடுங்காலம் நிலவியது. செயற்பாட்டு மரபினர் சமூக ஒழுங்கின் எந்த உறுப்பு பிசகியது என்று தேடினார்கள். முரண்பாட்டு மரபினர் அந்த நிலைமையால் ஆதாயம் அடைபவர் யார் என்று கேட்டார்கள். நிலைமை இருந்தால் மட்டும் போதாது, தாம் போற்றும் மதிப்புகளுக்கு அது ஊறு செய்கிறது என்று மக்கள் உணர்ந்தால்தான் அது சமூகப் பிரச்சினை ஆகும் என்பதை, டெட்ராய்ட் நகரில் இழுவை வண்டி வீடுகளில் குடியிருந்தோரை முன்வைத்து ரிச்சர்ட் ஃபுல்லரும் ரிச்சர்ட் மையர்ஸும் 1941-இல் எழுதினார்கள். ஹெர்பர்ட் ப்ளூமர் 1971-இல் இன்னும் முன்னே சென்று, ஒரு பிரச்சினை தலைகாட்டுவது, ஏற்புப் பெறுவது, அதற்காக மக்கள் திரள்வது, அரசு ஒரு திட்டம் வகுப்பது, அந்தத் திட்டம் நடைமுறையில் வேறொன்றாக மாறுவது என்று ஐந்து கட்டங்களைக் காட்டினார். மால்கம் ஸ்பெக்டரும் ஜான் கிட்சூஸும் 1977-இல் வைத்த அடிதான் நம் சொல்லுக்குப் பிறப்பிடம். ஏதோ ஒரு நிலைமை இருப்பதாகக் கருதி, அதைப் பற்றித் தம் குறைகளையும் கோரிக்கைகளையும் பிறரிடம் எடுத்துச்சொல்லும் மக்களின் செயல்பாடுதான் சமூகப் பிரச்சினை என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்த எடுத்துச்சொல்லுதலுக்குத்தான் ‘க்ளெய்ம்ஸ் மேக்கிங்’ என்று பெயர். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், என்ன சான்று காட்டுகிறார், கேட்டவர் என்ன செய்தார் என்பவையே ஆய்வாளரின் கேள்விகள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் காலைதான் நினைவுக்கு வருகிறது. குறைதீர்வு நாளன்று வெளியே மர நிழலில் மனு எழுதித் தருபவர் ஒருவரின் அருகில் ஒருமுறை வெகுநேரம் நின்றிருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்து, “எங்க ஊட்டு போர்ல தண்ணி மஞ்சளா வருதுப்பா, வாயில வெக்க முடியல” என்றார். அவர் இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து, “ஒங்க ஊட்ல மட்டுமா, தெரு பூரா அப்டித்தானாம்மா?” என்று கேட்டார். தெரு முழுவதும் அப்படித்தான் என்று பதில் வந்ததும், ‘எனது வீட்டில்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘எங்கள் தெருவில் வசிக்கும் பொதுமக்கள் அனைவரும்’ என்று மேலே எழுதினார். பிறகு எத்தனை வருடமாக என்றும், முன்பு யாராவது மனு கொடுத்தார்களா என்றும் கேட்டு, அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டார். தனி ஒருவரின் இன்னலுக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள வேறுபாட்டைச் சி. ரைட் மில்ஸ் 1959-இல் விளக்கிய பக்கங்களை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்த ஒரு திருத்தம் காட்டிய அளவுக்கு என் விளக்கம் காட்டியதில்லை.

இந்தச் செயலுக்கு ‘உரிமைகோரல்’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வங்கி அறிவிப்பில் ‘உரிமை கோரப்படாத வைப்புத்தொகை’ என்றும், நாளிதழில் ‘உரிமை கோரப்படாத உடல்’ என்றும் படித்துப் பழகிய சொல் அது. ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை எனது என்று சொல்லிப் பெற்றுக்கொள்வதே அதன் பொருள். அந்த அம்மா எதையும் எனது என்று சொல்ல வரவில்லை. நடப்பது சரியில்லை என்று சொல்ல வந்தார். மேலும், இந்தக் கருத்தில் அடங்கும் செயல்களுள் உரிமைக்குத் தொடர்பே இல்லாதவை பல உண்டு. தெருமுனை மதுக்கடையை மூடச்சொல்லும் பெண்களும், பிள்ளைகள் கைபேசியிலேயே மூழ்கிக் கெடுகிறார்கள் என்று தலையங்கம் எழுதும் ஆசிரியரும் இந்தக் கருத்துக்குள் வருபவர்கள்தாம். தலையங்கம் எழுதுபவர் எந்த உரிமையைக் கோருகிறார்? ‘கோரிக்கை’ என்பதும் பாதியைத்தான் பிடிக்கிறது. அதில் வேண்டுவது இருக்கிறது, குற்றம் காண்பது இல்லை. ‘வாதமுன்வைப்பு’ என்று ஒரு நண்பர் தந்தது பொருளளவில் நெருங்கி வந்தாலும், பேச்சில் ஒருநாளும் புழங்காது.

‘முறையீடு’ இந்த மூன்றையும் விடப் பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு அதன் உள்ளே இருக்கும் ‘முறை’யே காரணம். இடு என்ற வினை ஈடு என்று நீண்டு, கெடு கேடு ஆவதைப் போல, முதனிலை திரிந்த தொழிற்பெயராகி ‘முறை’யோடு சேர்ந்திருக்கிறது. முறை என்றால் ஒழுங்கு, நியாயம். “இது முறையா?” என்று கேட்பவர் தன் வலியை மட்டும் சொல்லவில்லை, எல்லாருக்கும் பொதுவான ஒரு நியாயம் மீறப்பட்டிருக்கிறது என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்த மீறலுக்கு நம்மிடம் உள்ள பெயரும் ‘முறைகேடு’ என்று இதே வேரில்தான் அமைந்திருக்கிறது. அதோடு முறையிடுதல் தனியாக நடக்கும் செயல் அல்ல. யாரோ ஒருவரிடம்தான் முறையிட முடியும். இப்படி ஒன்று நடக்கிறது என்பது, இது சரியல்ல என்பது, நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்பது ஆகிய மூன்றும் ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பதாகச் சமூகவியலாளர் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அவை விளக்கமின்றியே கேட்கின்றன. ஈழத்து நண்பர்கள் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரை ‘முறைப்பாடு’ என்பதும் இதே குடும்பம்தான், ஆகவே அவர்களுக்கும் இது அந்நியமாக இராது.

இனி எழுந்த மறுப்புகள். முறையீடு என்பது குடிமகன் அரசன் முன் கைகட்டி நிற்பதை நினைவூட்டுகிறது என்றார் ஒருவர். மேல்முறையீடு என்ற சொல் நீதிமன்றத்தில் நாள்தோறும் புழங்குகிறது. அங்கே அரசும் மேல்முறையீடு செய்கிறது, தனி ஆளும் செய்கிறார். பணிவின் வாடை எப்போதோ போய்விட்டது. இதற்கு மேல் இந்த மறுப்பில் நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அறிவியலாளரின் கணக்கையும் முறையீடு என்று சொல்லலாமா, அது அவருடைய நடுநிலையைக் குறைப்பதாகாதா என்பது அது. எங்கள் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றையே தருகிறேன். சமூகவியல் ஒரு தனித் துறையாக நிலைபெறக் காரணமான நூல்களுள் ஒன்று, எமில் துர்க்கைம் தற்கொலை விகிதங்களைப் பற்றி 1897-இல் எழுதியது. ஒவ்வொரு சாவுக்கும் தனிக் காரணம் இருக்கலாம், ஆனால் ஓர் ஊரின் விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதற்குக் காரணத்தை அந்தச் சமூகத்தில்தான் தேட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் நம்பியது அரசுப் பதிவேடுகளை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமூக நல மருத்துவத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்தில் அப்படிச் செய்யவில்லை. சுமார் 1,08,000 பேர் வாழும் அந்தப் பகுதியில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசி, சாவின் காரணத்தை வாய்மொழியாகக் கேட்டறிந்து பதிவு செய்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான காலத்துக்கு அவர்கள் கண்டடைந்து 2003-இல் வெளியிட்ட தற்கொலை விகிதம், ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95.2. அதே ஆண்டுகளில் காவல் துறைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்ட நாட்டு விகிதம் லட்சத்துக்கு 10, 11 என்ற அளவிலேயே இருந்தது.

ஒரே வட்டாரத்து எண்ணையும் முழு நாட்டின் எண்ணையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளியில் ஒரு பகுதியேனும், சாவை ‘வயிற்றுவலி’ என்றும் ‘தவறி நடந்தது’ என்றும் பதியவைக்கும் அச்சத்தாலும் மானத்தாலும் உண்டாவது என்பதைக் கிராமத்தில் வாழ்ந்த எவரும் அறிவர். அதிகாரப்பூர்வ எண் என்பது அதை உண்டாக்கும் அலுவலகத்தின் வேலைமுறையையும் சேர்த்தே காட்டுகிறது என்று கிட்சூஸும் ஆரன் சிகுரெலும் 1963-இலேயே எழுதியதன் பொருள் இங்கே துலங்குகிறது. கணியம்பாடி எண் வெளியானபோது நடந்தது ஒரு முறையீடு. கணக்கு சரியாக இருந்ததால்தான் அது வலுவான முறையீடாகவும் இருந்தது. முறையீடு என்று சொல்வதால் கணக்கின் உண்மை குறையவில்லை. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு யார் எங்கே போய் நின்றார்கள் என்ற கேள்வியை அது திறந்துவிடுகிறது.

மூன்றாவது, எனக்கு மிகவும் கவலை தருவது, இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் ‘சோஷியல் கன்ஸ்ட்ரக்ஷன்’, அதாவது ஒரு நிலைமை மக்களின் பேச்சாலும் செயலாலும் சமூகப் பிரச்சினையாக உருப்பெறுவது. அதற்குச் ‘சமூகப் புனைவு’ என்ற பரிந்துரையை நாம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘சமூகக் கட்டமைப்பு’ என்றால் அது ஏற்கெனவே ‘சோஷியல் ஸ்ட்ரக்சர்’ என்பதற்கு வழங்குவதால் குழப்பம்தான் மிஞ்சும். ‘புனைவு’ என்றாலோ குழப்பத்தோடு அநியாயமும் சேரும். சமூகப் பிரச்சினைகள் புனையப்படுகின்றன என்று நான் ஒருமுறை கரும்பலகையில் எழுதியபோது, வாணியம்பாடிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, “அப்போ பாலாத்துத் தண்ணி கெட்டுப்போனது கதையா சார்?” என்று கேட்டார். அவர் தாத்தாவின் தென்னை காய்ந்துபோன நிலம் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தச் சொல்லை அன்றே அழித்தேன்.

பாலாற்றின் கதையை ‘முறையீடு’ என்ற சொல்லால் சொன்னால் ஒன்றும் பொய்யாவதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட இடங்களில் குரோமியம் வந்தது, கழிவு நீர் வாய்க்காலிலும் ஆற்றிலும் இறங்கியது, கிணறு உப்பாயிற்று. இது நிலைமை. உழவர்களுக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அந்த நிலைமை முறையீடாயிற்று. தோல் ஆலைப் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்த வழக்கில் சான்றாயிற்று. இந்தத் தொழிலால் பல்லாயிரம் பேருக்கு வேலையும் நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் கிடைக்கின்றன என்று ஆலைத் தரப்பு சொன்னதும் ஒரு முறையீடுதான், அதை எதிர்முறையீடு என்போம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதோடு முடிந்ததா? ப்ளூமரின் ஐந்தாவது கட்டம், திட்டம் நடைமுறையில் உருமாறுவது, அப்போதுதான் தொடங்கியது. அதே பாலாற்றுக்காக, அதே மாசுக்காக, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கெட்ட நீர் ஒருபுறம், அதைப் பற்றிய பேச்சின் வரலாறு மறுபுறம் என்று இரண்டையும் கலக்காமல் வைத்துச் சொல்ல ‘முறையீடு’ இடம் தருகிறது. ‘புனைவு’ முதலாவதை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். முறையீடு வெற்றி பெறுவது பல நேரங்களில் பெயர் வைப்பதில்தான் இருக்கிறது. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், பிள்ளையை வேலைக்கு விட்டு வாங்கிய பணத்துக்கு ‘அட்வான்ஸ்’ என்றே பெயர். முறத்தை மடியில் வைத்து இலையை வெட்டித் தூளை நிரப்பிச் சுருட்டும் அந்தச் சிறுவனுக்கும், அவன் பெற்றோருக்கும், அது குடும்பக் கடன். அதைக் கட்டுவது மானம். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உறவைக் கொத்தடிமை என்று பெயரிட்டு ஒழித்தது; கடனையும் செல்லாததாக்கியது. பணமும் முறமும் அப்படியே இருக்க, ‘அட்வான்ஸ்’ ‘கொத்தடிமை’ ஆன அந்த மாற்றத்தை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது? உரிமைகோரல் என்றால் அந்தச் சிறுவன் எதையும் கோரவில்லை. அவனுக்காக வேறு யாரோ முறையிட்டார்கள் என்று சொன்னால் நடந்தது நடந்தபடி விளங்குகிறது. தனக்காகத் தானே முறையிடுபவரையும் பிறருக்காக முறையிடுபவரையும் பிரித்துப் பார்ப்பது இந்த ஆய்வுமுறையின் முக்கியமான வேலை என்பதால், இந்த வசதி சிறியதல்ல.

ஆகவே என் முன்மொழிவு இது. செயலுக்கு முறையிடல், அதன் விளைவாக நிற்கும் கூற்றுக்கு முறையீடு, செய்பவருக்கு முறையீட்டாளர், மறுத்து எழுவதற்கு எதிர்முறையீடு. ‘சோஷியல் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்பதற்குச் ‘சமூக உருவாக்கம்’ என்று வைக்கலாம். அழகில்லைதான், ஆனால் பொய் என்ற பொருள் அதில் ஏறாது. ‘முறையீட்டாளர்’ என்பது நீதிமன்றத்தின் ‘மேல்முறையீட்டாளர்’ என்பதோடு மோதுமா என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை. சட்டத் தமிழில் பழக்கமுள்ள நண்பர்கள் ‘முறையிடுவோர்’ என்று மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். அலகு ஒன்றின் பாடக்குறிப்பை வரும் திங்களன்று மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்குள் உங்கள் கருத்துகளை எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து